எறும்புகள் தூக்கிப்போன சத்தங்கள்

கதை கேட்கிறவர்களே, நீங்கள் கொட்டுகிற ‘ம்’ காதில் விழுந்து வருகிற ‘ம்’தானா, இல்லை, சொல்கிறவள் மனசு நோகக் கூடாதே என்று வருகிற ‘ம்’மா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தேரிக்கரையில் பேச்சித்தாயின் புருஷன் லிங்கதுரை ஒரு வருஷம் முழுக்க ‘ம்’ கொட்டியே குடும்பம் நடத்தினான். தண்ணி வந்துட்டு, குடத்தை எடுங்க என்றால் ‘ம்’ என்பான். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கு என்றால் அதற்கும் ‘ம்’ என்பான். குடத்தையும் எடுக்க மாட்டான், பிள்ளையின் நெற்றியிலும் கை வைக்க மாட்டான். பேச்சித்தாய் முதலில் கோபப்பட்டாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டுக்கும் நேரமில்லாமல் குடத்தையும் தானே எடுத்து, பிள்ளையையும் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

தேரிக்கரை சிவப்பு மணல் ஊர். காற்று அடித்தால் மணல்மேடு எழுந்து நடந்துபோய் வேறோர் இடத்தில் உட்காரும். வீட்டுக்கு வீடு சக்கரை. அதை யாரும் சீக்கு என்று சொல்வதில்லை. ‘அவனுக்கு ஒரு அக்கா உண்டு’ என்பதைப்போல ‘அவனுக்குச் சக்கரை உண்டு’ என்பார்கள், ஏதோ நல்லதுகெட்டதுக்கு வந்துபோகும் சொந்தம் மாதிரி. லிங்கதுரைக்கும் அந்தச் சொந்தம் கல்யாணமான புதிதிலேயே வந்து சேர்ந்துவிட்டது. மாத்திரையை நினைத்தால் போடுவான், மறந்தால் மறந்தான். குட்டியானை என்று ஊர் கூப்பிடுகிற சின்ன லோடு வண்டி வைத்திருந்தான். முருங்கைக்காய், வாழைத்தார், கல்யாண வீட்டுச் சாமான், எதையும் ஏற்றுவான்.

ஆவணி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், லோடை இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டுப் பாயில் சாய்ந்தவனின் வலது காதிலிருந்து எறும்புகள் சாரைசாரையாக இறங்கிப் போவதைப் பேச்சித்தாய் பார்த்தாள். ஒவ்வொரு எறும்பின் வாயிலும் ரவைக்குருணை மாதிரி ஏதோ இருந்தது. ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. சோற்றுப்பானையில் எறும்பு, பால்சட்டியில் எறும்பு, பிள்ளைத் துணியில் எறும்பு, இப்போது புருஷன் காதிலுமா என்ற அலுப்போடு ஒன்றை விரலால் நசுக்கினாள். ‘கிணிங்’ என்றது. அது காலையில் தெருவில் போன ஐஸ்காரனின் சைக்கிள் மணி. இன்னொன்றை நசுக்கினாள், குருவி கத்தியது. அடுத்ததை நசுக்கினால் அவளுடைய குரலே பொடிசாக வந்தது: ‘ஏங்க, சாப்பிட வாறியளா?’ அதற்குமேல் நசுக்க அவளுக்குக் கை வரவில்லை.

லிங்கதுரை கண்ணைத் திறந்தான். “என்னளா பாத்துக்கிட்டு இருக்க?”

“உங்க காதுல எறும்பு.”

“ம்,” என்று திரும்பிப் படுத்தான்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துபோனது, அது ஒரு வீட்டுச் சங்கதி இல்லை என்று. சக்கரை உள்ள காதுகளைத் தேடித்தேடி எறும்பு வந்திருந்தது. முன்பெல்லாம் ஒருவர் ஒன்றுக்கிருந்த இடத்தில் எறும்பு மொய்த்தால் ‘ஓகோ, இவருக்குமா’ என்று ஊர் தெரிந்துகொள்ளும். இப்போது காதிலேயே மொய்த்ததால் ஒளிக்க வழியில்லாமல் போனது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை காதில் பஞ்சோடு உட்கார்ந்தால், காப்பி கொடுக்கும் முன் பெண்ணின் தாய்மாமன் எழுந்துபோய்ப் பஞ்சை எடுக்கச் சொன்னார். டீக்கடை செவத்தியான், வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துச் சீனி போடப் பழகிக்கொண்டார்.

“உமக்குச் சீனி கிடையாது வே. எறும்பு ஏறுது.”

“ஒரு கரண்டி போடும் வே. காது ரெண்டு இருக்குல்லா, ஒண்ணு போனா ஒண்ணு!”

எறும்புக்கும் ஒரு நியாயம் உண்டு. தூக்க முடிந்ததைத்தான் அது தூக்கும். அதனால் மெல்லிசான சத்தங்கள் முதலில் போயின. கொசு பாடுவது போனது, கொலுசு போனது, உலைமூடி துடிப்பது போனது, பெண்களின் குரல் போனது, பிள்ளைகளின் குரல் போனது. லாரியை எறும்பால் அசைக்க முடியவில்லை, இடியை முடியவில்லை, கோயில் வேட்டுச் சத்தத்தை முடியவில்லை. அதனாலேயே காது போனவர்கள் ஒருத்தர்கூடக் காது போனதை ஒத்துக்கொள்ளவில்லை. இடி கேக்கு, வேட்டு கேக்கு, எங்களுக்கு என்ன கேடு, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுதிய என்றார்கள். ஊர் மெல்ல மெல்லக் கத்திப் பேசப் பழகியது. நகை அடகு வைத்த கதையும் மாமியாரைத் திட்டிய கதையும் நாலு தெருவுக்குக் கேட்டது. ரகசியம் என்று எதுவும் மிஞ்சாததால் சண்டை கூடக் குறைந்துபோய், எல்லாருக்கும் தொண்டை கட்டி, எல்லாரும் சீக்கிரம் களைத்துப்போனார்கள்.

இந்த எறும்பெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் அங்கே கொஞ்சம் மஞ்சள்பொடியைக் கொட்டலாமே என்ற ஒரே எண்ணத்தில் பேச்சித்தாய், பிள்ளை இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாரையின் கூடவே நடந்தாள். வீட்டுக்கு வீடு இறங்கிய சாரைகள் ரேஷன்கடை முக்கில் ஒன்றாகச் சேர்ந்து, கயிறு திரித்த மாதிரித் தடித்து, ஊருக்கு வெளியே ஒரு உடைமுள் மரத்தடிப் புற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. புற்று ஆள் உயரம் இருந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

உள்ளே ஊரே இருந்தது. ஐஸ்மணியும் குருவியும் கொலுசும் ஒரு மூலையில் கிடக்க, மிச்சம் பாதிக்குமேல் பொம்பளைகளின் குரலாக இருந்தது. ‘மாத்திரை போட்டியளா?’ ‘இங்கன கொஞ்சம் வாங்களேன்.’ ‘எனக்கு ரெண்டு நாளா நெஞ்சு வலிக்கு.’ ‘நான் சொன்னது கேட்டுச்சா?’ ‘ஒண்ணுமில்ல, விடுங்க.’ சொல்லிச் சொல்லி ஓய்ந்து, பதில் வராமல் அடுப்படிக்குத் திரும்பிய குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தபடி இருந்தன. அவற்றுக்கு அடியில் இனியாவின் குரல் கேட்டது. ‘ப்பா’ என்றது. முதன்முதலாகச் சொன்ன ‘ப்பா’ கெட்டியாக, சிரிப்போடு இருந்தது. அப்புறம் கொஞ்சம் சத்தமாக ஒன்று. அப்புறம் ஏன் திரும்பவில்லை என்று கேட்பதுபோல ஒன்று. அப்புறம் மெதுவாக ஒன்று. அதற்குப் பிறகு இல்லை.

பேச்சித்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது, இனியா அப்பாவைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள் என்று. கூப்பிட்டுத் திரும்பாத ஆளைப் பிள்ளை எத்தனை நாள் கூப்பிடும்? ஏதாவது வேண்டுமென்றால் போய்க் கைலியைப் பிடித்து இழுப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். இடுப்பில் இருந்த பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு, மஞ்சள்பொடியை மடியிலேயே முடிந்துகொண்டு அவள் வீடு திரும்பினாள். தன் பிள்ளை குரல் கிடக்கிற இடத்தில் எப்படி மஞ்சளைக் கொட்டுவது?

சங்கதி தெரிந்ததும் ஊர் திரண்டது. ஒரு வாரம் எல்லாரும் முறை வைத்துக் காது வைத்தார்கள். காது கேளாதவனுக்கும் புற்றில் மட்டும் கேட்டது, மண்ணில் காது பதித்தால் சத்தம் எலும்பு வழியாக ஏறியது. கேட்டவர்கள் காதில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். சிலர் வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டார்கள். லிங்கதுரை மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. “எனக்கு என்ன கேடு? காது கேக்காதவன் போவான்.”

அப்புறம் ஊர் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. புற்றுக்கு மஞ்சத்துணி சுற்றி, குங்குமம் வைத்து, செவியம்மன் என்று பேரிட்டது. அம்மனுக்குப் பசி, அதனால்தான் தன் எறும்புப் பிள்ளைகளை அனுப்பிக் காதைச் சுரண்டுகிறாள், வயிறு நிறைந்தால் எடுத்ததைத் திருப்பித் தருவாள் என்று ஒருத்தி சாமியாடிச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை தோறும் சக்கரைப்பொங்கல் என்று முடிவானது. நெய் வழிய, முந்திரி மிதக்கப் பொங்கினார்கள். பால் பொங்கியபோது பெண்கள் குலவை போட்டார்கள். பாதி ஊர் அது கேட்காமல் பானையையே பார்த்துக்கொண்டு நின்றது. புற்றுக்கு ஒரு வாழையிலை அளவு படைத்துவிட்டு மிச்சத்தை ஆளுக்கு ரெண்டு கரண்டி வாங்கிக்கொண்டார்கள். அம்மன் பிரசாதத்தை வேண்டாம் என்று யார் சொல்வது? அதிலும் காது போனவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதல், வேண்டுதல் அவர்களுடையது இல்லையா?

ரெஜினாள் அக்கா, வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறவள், பொங்கல் வாசனைக்கு நடுவே வந்து மரத்தடியில் பையை இறக்கினாள்.

“காலு மரத்துப்போனா ஆஸ்பத்திரிக்கு வாறிய. கண்ணு மங்கினா வாறிய. காதுக்கு மட்டும் கோயில் கட்டுதியளே!”

“சீனி போடலக்கா, கருப்பட்டிதான் போட்டிருக்கோம். கருப்பட்டி ஒண்ணும் பண்ணாது,” என்றார் செவத்தியான்.

“சீனி, வெல்லம், கருப்பட்டி மூணும் ஒரே வயித்துல பொறந்ததுதான். ரத்தத்துக்குள்ள போனா ஒரே வேலையத்தான் செய்யும்.”

“சாமி காரியத்துல வந்து வாய் வைக்காதிய,” என்று யாரோ சொல்ல, ரெஜினாள் சண்டைக்கு நிற்கவில்லை. நிற்கத் தெம்பில்லை. பேச்சித்தாய் ஒரு செம்புத் தண்ணீரோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“எக்கா, இது எறும்பா, சக்கரையா?”

“ரெண்டும் ஒண்ணுதான்ட்டி. ரத்தத்துல இனிப்பு ஏறியே கெடந்தா காதுக்குள்ள இருக்க பொடி நரம்பையும் பொடி ரத்தக்குழாயையும் அரிச்சிரும். வலிக்காது. வலிச்சாத்தான் ஓடி வந்திருப்பாங்களே.” தண்ணீரைக் குடித்துவிட்டு, இடது பக்கத்து முடியை ஒதுக்கிக் காட்டினாள். அங்கேயும் ஒரு மெல்லிய சாரை. “எனக்கும் உண்டு. நான் போய்க் காதை டெஸ்ட் பண்ணிட்டு வந்துட்டேன். உம் புருஷனையும் கூட்டிட்டுப் போ.”

“எங்க வருவாரு? தன் காதுல ஒண்ணுமில்ல, எனக்குத்தான் நாக்குல கோளாறுங்காரு.”

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது பேச்சித்தாய் அதைச் சொன்னாள். ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வருவோமா என்றாள். லிங்கதுரை “ம்” என்றான். மறுநாள் விடிந்ததும் வாழைத்தார் ஏற்றப் போய்விட்டான்.

செவ்வாய்க்குச் செவ்வாய் பொங்கல் பானை பெரிதாகிக்கொண்டே போனது, புற்றும் பெரிதாகிக்கொண்டே போனது. அம்மன் வளருகிறாள் என்று ஊர் சந்தோஷப்பட்டது. கார்த்திகை பிறந்து வந்த செவ்வாயில், முதல் பானை அடுப்பில் ஏறிய பிறகு, அடுத்த பானைக்கான அரிசிமூட்டையும் கருப்பட்டிப் பெட்டியும் அண்டாவும் லிங்கதுரையின் குட்டியானையில்தான் வந்தன. வண்டியைப் பின்னாலேயே எடுத்துப் புற்றடிக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி எடுக்கும்போது பின்னால் ஒரு ஆள் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று சொல்லிக்கொண்டே வந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் ‘ஓல்டேன்’ என்று கத்த வேண்டும். கண்ணாடியில் பின்பக்கத்துத் தரை தெரியாது. ஓட்டுகிறவனின் கண் அப்போது நிற்கிறவரின் வாயில்தான் இருக்கிறது. அன்றைக்கு நின்றவள் பேச்சித்தாய். அடுப்புக்குக் கொண்டுவந்த இரும்புக் கரண்டி அவள் கையில் இருந்தது.

“வரலாம்... வரலாம்...”

“ம்,” என்றான் லிங்கதுரை முன்னாலிருந்து.

“வரலாம்...” என்றவள் குனிந்தாள். புற்றுக்கும் வண்டிக்கும் நடுவே, மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இனியா ஒரு எறும்பைத் தன் விரலில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“ஓல்டேன்! ஓல்டேன்! ஏங்க, ஓல்டேன்!”

“ம்,” என்றான் லிங்கதுரை. வண்டி வந்துகொண்டே இருந்தது.

பிள்ளையைப் பிடிக்க அவள் கை எட்டவில்லை. கையிலிருந்த கரண்டியால் வண்டியின் பின்தகரத்தில் ஓங்கி அடித்தாள். எந்த எறும்பாலும் தூக்க முடியாத தடித்த சத்தம் அது. தகரம் அதிர்ந்து, இருக்கை அதிர்ந்து, லிங்கதுரையின் முதுகெலும்பு அதிர்ந்து, கால் தானாக பிரேக்கை மிதித்தது. சக்கரத்துக்கும் பிள்ளையின் முழங்காலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது.

அவன் கோபமாக இறங்கி வந்தான். “என்னத்துக்குளா வண்டியப் போட்டு அடிக்க? தகரம் குழிஞ்சுட்டு பாரு.”

பேச்சித்தாய் கரண்டியால் கீழே காட்டினாள். இனியா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை, கூப்பிடவில்லை. எறும்பு ஊர்கிற விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

“நீ... நீ கத்தலயே,” என்றான்.

“கத்துனேன். மூணு தடவ கத்துனேன். நீங்க ம்னு சொன்னிய.”

சுற்றி நின்ற முகங்களை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். செவத்தியான் தலையைக் குனிந்துகொண்டார். லிங்கதுரை பிள்ளையைத் தூக்கிப் பேச்சித்தாயிடம் கொடுத்தான். பிறகு, இத்தனை நாள் வராத அந்தப் புற்றடிக்குப் போய், மஞ்சத்துணியை விலக்கி, முழங்கால் போட்டுக் காதை வைத்தான்.

முதலில் ஐஸ்மணி கேட்டது. அவன் சின்ன வயசிலிருந்து கேட்ட மணி, அது நின்றுபோனதை அவன் கவனிக்கவே இல்லை. பிறகு ‘சாப்பிட வாறியளா’ கேட்டது, ‘மாத்திரை போட்டியளா’ கேட்டது, ‘பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கு’ கேட்டது. பிறகு ‘ப்பா’ கேட்டது. ஒவ்வொரு ‘ப்பா’வையும், கடைசி வரைக்கும், அது மெலிந்து நின்றுபோகிற இடம் வரைக்கும் கேட்டான். எழுந்திருக்கப் போனவனின் காதிலிருந்து ஒரு எறும்பு இறங்கி, கன்னத்தில் ஊர்ந்து, மண்ணில் கால் வைத்து, வாயில் கவ்விய சூடான பொடியோடு புற்றுக்குள் நுழைந்தது. அவன் மறுபடி காதைப் பதித்தான். அது உள்ளே போய் இறக்கிவைத்த பிறகுதான் அவனுக்குக் கேட்டது: ‘ஓல்டேன்! ஓல்டேன்! ஏங்க, ஓல்டேன்!’

பின்னால் பொங்கல் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. யாரும் குலவை போடவில்லை. லிங்கதுரை வண்டிச் சாவியை எடுத்துப் பேச்சித்தாயின் கையில் வைத்தான்.

டவுன் பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனார்கள். சக்கரைக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒரு வரிசை, காதுக்கு ஒரு வரிசை என்று வெயில் சாய்கிற வரை நின்றார்கள். கண்ணாடி அறைக்குள் அவனை உட்கார்த்தி, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே பிள்ளையோடு நின்ற பேச்சித்தாய் அவன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பொத்தான்மேல் தயாராக, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தது. வெகுநேரம் அமுக்கவே இல்லை.

“போனது போனதுதான்மா,” என்றாள் டாக்டரம்மா. அவளும் களைத்திருந்தாள். “மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தணும். சுகர் கட்டுக்குள்ள இருக்கணும், மாத்திரை விடக்கூடாது. காதுக்கு மெஷின் வைக்கலாம். கண்ணைக் காட்டுற மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை காதையும் கொண்டுவந்து காட்டுங்க. உங்க ஊர்ல மத்தவங்களையும் வரச் சொல்லுங்க.”

சொன்னார்கள். பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. அதே குட்டியானையில், எறும்பில்லாத காதுள்ள ஒரு டிரைவரை வைத்து, பேச்சித்தாய் அவர்களை ஏற்றி அனுப்பினாள். புற்றுக்குப் பொங்கலை நிறுத்திச் சுண்டல் வைப்பதற்குள்தான் பெரும்பாடானது. அம்மனுக்குச் சுண்டலா என்று சாமியாடியவள் மூன்று செவ்வாய் கோபித்துக்கொண்டு வரவில்லை. நாலாம் செவ்வாய் வந்து, உப்புப் பத்தல என்று சொல்லிவிட்டு இன்னொரு கை வாங்கிக்கொண்டாள். எறும்புகள் சுண்டலையும் மரியாதையாகத் தூக்கிப்போயின. சில வீடுகளில் சாரை நூலாக மெலிந்தது, சில வீடுகளில் பழைய மாதிரியே இருந்தது. எடுத்துப்போன எதையும் எந்த எறும்பும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

மெஷின் வந்தது. லிங்கதுரைக்கு அது பிடிக்கவில்லை. தட்டு விழுந்தால் மண்டைக்குள் விழுகிறது, காற்றடித்தால் கடல் இரைகிறது என்பான். பாதி நேரம் சட்டைப்பையில்தான் கிடக்கும். இனியா தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முதலில் கைலியை இழுப்பாள், அவன் குனிந்ததும் முகத்துக்கு நேராக வந்து வாயை அகலத் திறப்பாள், ஆனால் சொல்ல மாட்டாள். அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் பேச்சித்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லிங்கதுரை வாசற்படியில் உட்கார்ந்து தேரிமணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க, இன்னைக்கு நீங்க கடைக்குப் போனப்ப, பிள்ளை வாசல்ல நின்னு உங்களைக் கூப்பிட்டா. ப்பான்னு கூப்பிட்டா.”

“ம்,” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கீரைத்தண்டை ஒடித்தாள், இன்னொன்றை ஒடித்தாள், முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்தாள். சேலைத்தலைப்பு பின்னால் இழுபட்டது. பிள்ளைதான் என்று நினைத்துத் திரும்பினாள். லிங்கதுரை பிடித்திருந்தான். மற்றக் கையால் சட்டைப்பையைத் துழாவி மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டிருந்தான். அது இரண்டு தரம் நழுவியது.

“கேக்கல, பேச்சி,” என்றான். “கேக்காமத்தான் ம்னேன். எப்பவும் அப்படித்தான். இனிமே நான் ம்னு சொன்னா நம்பிராத. நீ என்ன சொன்னன்னு என்கிட்டயே ஒரு தடவ திருப்பிக் கேளு.”